கியர்பாக்ஸ் சூடு, சாம்பல் பட்டை, இழுபட்ட கோடு: பல் முகத்தின் சொரசொரப்பைக் கண்டுபிடிக்கும் வழி

கியர்பாக்ஸ் சூடாகிறது என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது ஆயிலில்தான். கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்ப்பார்கள், அது சரிப்படவில்லை என்றால் இன்னும் கெட்டியானது. ஆயிலில் குறை இருக்கவே இருக்காது என்று நான் சொல்லவில்லை, ஆனால் திரும்பத் திரும்ப அதே புகாரோடு வந்த பெட்டிகளைத் திறந்தபோது பல நேரம் குறை பல்லின் முகத்தில் இருந்தது. முகம் தேவைக்கு மேல் சொரசொரப்பு, அந்த மேடுகள் ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டு ஒன்றோடொன்று உரசுகின்றன, அவ்வளவுதான் விஷயம்.

இங்கே சொல்வது மூடிய பெட்டிக்குள் ஆயிலில் ஓடும் எஃகு கியர்களுக்கு மட்டும்: நேர்ப்பல், சாய்பல் இரண்டும். வெண்கலச் சக்கரம் உள்ள வார்ம் கியருக்கு இதைப் பொருத்திப் பார்க்காதீர்கள், அதன் குணம் வேறு.

## திறப்பதற்கு முன்

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு போடுங்கள், பெட்டி ஆறும் வரை காத்திருங்கள். கையில் வேண்டியவை: ஒரு டார்ச், பஞ்சு இல்லாத துணி, கரைப்பான், சொரசொரப்பு ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரித் தகடு, முடிந்தால் ஊசி வைத்து அளக்கும் கையடக்க மீட்டர்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு கணக்கு. ஓடும் பல்லுக்கு நடுவே இருக்கும் ஆயில் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குள்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும், பல நேரம் அரை மைக்ரான். ஹாப் (பல் வெட்டும் கருவி) போட்டு வெட்டி அப்படியே விட்ட பல்லின் ஆர்ஏ, அதாவது சொரசொரப்பின் சராசரி அளவு, சுமார் 1.6 முதல் 3.2 மைக்ரான், கிரைண்டிங் செய்தது 0.4 முதல் 0.8, சூப்பர்ஃபினிஷ் (மிக நயமான கடைசி மெருகு) செய்தது 0.2-க்குக் கீழே. இரண்டு கியரின் ஆர்ஏ-வையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் ஜோடியின் சொரசொரப்பு. இரண்டுமே 0.8 என்றால் ஜோடிக்கு 1.1. அரை மைக்ரான் படலம் அதில் பாதியைக்கூட மூடாது. இரண்டும் 0.2 என்றால் ஜோடிக்கு 0.28, அதே படலம் தாராளமாக மூடிவிடும்.

## அறிகுறி 1: புது கியர் மாட்டியபின் பெட்டி முன்பைவிடச் சூடாகிறது

அடிக்கடி வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆயில் மட்டம். பெட்டி நின்று, ஆயில் அடங்கியபின் பாருங்கள், ஓடும்போது பார்க்கும் மட்டம் பொய் சொல்லும். குறிக்கு மேலே ஏறி இருந்தால் கியர் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும், அந்தக் கடைசலே சூடாக மாறும். மட்டம் பார்க்கும் கண்ணாடியில் நுரை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். குறிக்கு இறக்கிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சூடு குறைந்தால் வேலை முடிந்தது, பெட்டியைத் திறக்க வேண்டாம்.

ஆயில் எந்த தரம். பெயர்த்தகட்டில் ஐஎஸ்ஓ விஜி 220 என்றால் 220-தான் உள்ளே இருக்கிறதா என்று பீப்பாயைப் பார்த்து உறுதி செய்யுங்கள், ஆள் சொல்வதை வைத்து அல்ல. 220 என்பது 40 டிகிரி செல்சியஸில் உள்ள கெட்டித்தன்மை. சாதாரண மினரல் ஆயில் 100 டிகிரிக்குப் போனால் அது சுமார் 19 ஆக இறங்கிவிடும். அதாவது சூடு ஏறினால் படலம் மெலியும், படலம் மெலிந்தால் உரசல் கூடும், உரசல் கூடினால் சூடு இன்னும் ஏறும். இந்தச் சுற்றில் மாட்டிய பெட்டிக்கு வெறுமனே 320, 460 என்று ஏற்றிக்கொண்டே போனால், வேகமாக ஓடும் பெட்டியில் கடைசல் சூடு கூடி நிலைமை மோசமாகும்.

பழக்கி ஓட்டினார்களா. புதுப் பல்லின் மேட்டு நுனிகள் முதல் சில மணி நேரத்தில் தேய்ந்து படிய வேண்டும். அதற்கு 10 மணி நேரமாவது பாதிச் சுமையில் ஓட்டி, பிறகு படிப்படியாக ஏற்ற வேண்டும். மாட்டிய அன்றே முழுச் சுமை கொடுத்திருந்தால் நுனிகள் படிவதற்குப் பதில் பிய்ந்து வரும். முதல் சில நாளில் சூடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தால் பெட்டியைத் தொடாதீர்கள், அது தானாகப் பழகிக்கொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில், ஒரே சுமையில், வெளிக்காற்றின் சூட்டையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். இறங்கவே இல்லையா, அடுத்ததற்குப் போங்கள்.

பல் முகம். மூடியைத் திறந்து, ஒரு பல்லைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தை அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக இழுங்கள். கிரைண்டிங் கோடுகள் பொதுவாகப் பல்லின் நீளவாக்கில் இருக்கும், அதனால் நகம் அவற்றைக் குறுக்காகக் கடக்க வேண்டும். நீளவாக்கில் தடவினால் எவ்வளவு மோசமான முகமும் வழவழவென்றுதான் தெரியும். இந்த ஒரு தவறால்தான் நிறையப் பேர் முகம் நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுகிறார்கள். அதே நகத்தை மாதிரித் தகட்டில் 0.4, 0.8, 1.6 என்று ஓட்டிப் பாருங்கள், எது பல்லோடு ஒத்துப்போகிறது என்று நகத்துக்கே தெரியும்.

மீட்டர் இருந்தால் அதையும் குறுக்காகவே ஓட்டுங்கள். வழக்கமான கட்-ஆஃப் (இதைவிட நீளமான அலைகளை மீட்டர் வடிகட்டிவிடும்) 0.8 மில்லிமீட்டர், அதற்கு அளவு ஓட்டமே 4 மில்லிமீட்டர் வேண்டும். சின்ன பல்லில் அவ்வளவு இடம் கிடைக்காது, அப்போது 0.25-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியதைக் குறித்தும் வையுங்கள். இரண்டு கட்-ஆஃபில் எடுத்த எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆர்ஏ-வோடு ஆர்இசட் (மேட்டு உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம்), ஆர்பிகே (துருத்தி நிற்கும் மேடுகளின் உயரம்) இரண்டையும் எடுங்கள். ஆர்ஏ என்பது சராசரிதான். ஒரே ஆர்ஏ உள்ள இரண்டு முகத்தில் ஒன்றுக்கு மேடுகள் கூராக நிற்கும், இன்னொன்றுக்கு மேல்பகுதி படிந்து பள்ளம் மட்டும் இருக்கும். கூர் மேடுதான் படலத்தைக் கிழிக்கும், பள்ளம் அவ்வளவு தொல்லை தராது.

ஒரு பெட்டி நினைவில் இருக்கிறது. மூன்று முறை ஆயில் மாற்றியாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் இன்னும் கெட்டியானது, ஒவ்வொரு முறையும் சூடு இன்னும் கொஞ்சம் மேலே. திறந்து பார்த்தால் பெரிய சக்கரம் அழகாகக் கிரைண்டிங் செய்திருக்கிறது, பினியனில் (ஜோடியின் சின்ன கியர்) மட்டும் நகம் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே போகிறது. வரைபடத்தில் இரண்டுக்கும் ஆர்ஏ 0.4 கேட்டிருந்தார்கள், பினியனில் மீட்டர் காட்டியது 1.6. கடினமான பினியன் அரம்போல பெரிய சக்கரத்தை ராவிக்கொண்டிருந்தது. பினியனை மட்டும் மறுபடி கிரைண்டிங் செய்து மாட்டி, பழைய 220-ஐயே ஊற்றிப் பழக்கி ஓட்டினோம், சூடு அடங்கிவிட்டது.

அதிலிருந்து வரும் பாடம் ஒன்று உண்டு: ஜோடியின் சொரசொரப்பைத் தீர்மானிப்பது மோசமான முகம்தான். 0.8-ம் 0.8-ம் இருக்கும் ஜோடியில் ஒன்றை மட்டும் 0.1-க்குப் பாலிஷ் செய்தால் ஜோடி 1.1-லிருந்து 0.8-க்குத்தான் வரும். பாலிஷ் போட்டால் இரண்டுக்கும் போடுங்கள். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால், சொரசொரப்பானதையும் கடினமானதையும் முதலில் பாருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அளந்த ஆர்ஏ வரைபடத்தைவிட அதிகமாக இருந்தால். மறுபடி கிரைண்டிங் செய்வதா, சூப்பர்ஃபினிஷிங்கா என்பதைக் கியர் செய்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் கிரைண்டிங்கில் கேஸ் ஹார்டனிங் செய்து கடினமாக்கிய மேல்தோல் குறையும். சூப்பர்ஃபினிஷிங் சில மைக்ரான் மட்டுமே எடுக்கும். கிரைண்டிங் செய்தபின் நைட்டல் அமிலம் தடவி, கிரைண்டிங் சூட்டில் முகம் கருகியிருக்கிறதா என்று பார்த்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 2: பல் முகத்தில் சாம்பல் நிறப் பட்டை

முகம் பனி படிந்த கண்ணாடிபோல மங்கிப்போயிருக்கும். நேராக டார்ச் அடித்தால் கண்ணில் படாது, வெளிச்சத்தைச் சாய்த்து, கிட்டத்தட்ட முகத்தோடு ஒட்டினாற்போல அடியுங்கள், பட்டை பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் பிட்ச் கோட்டுக்குக் (பல் உயரத்தின் நடுவாக்கில், பற்கள் சறுக்காமல் உருளும் கோடு) கீழே, அடிப்பக்கம்தான் முதலில் வரும். மைக்ரோபிட்டிங் என்பது இதுதான்: கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவு சின்னச் சின்னக் குழிகள்.

முதலில் துடைத்துப் பாருங்கள். கரைப்பான் தொட்டுத் துடைத்தால் போய்விட்டதா, அது ஆயில் படிவு, ஆயில் வயதாகிவிட்டது என்று அர்த்தம். துடைத்தும் போகவில்லை, ஆனால் பல் தொடாத இடத்திலும் அதே நிறம், கொஞ்சம் பழுப்பு கலந்திருக்கிறது என்றால் அது துரு அரிப்பு. தண்ணீரைத் தேடுங்கள். ஆயிலில் தண்ணீர் இருந்தால், சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டதும் சடசடவென்று வெடிக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். தண்ணீர் இருந்தால் பிரீத்தரையும் (பெட்டிக்குள் காற்று போய்வரும் துவாரம்) குளிர்விப்புக் குழாயையும் பார்க்காமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. இரண்டும் இல்லை, பல் தொடும் இடத்தில் மட்டும்தான் சாம்பல் என்றால் மைக்ரோபிட்டிங்.

பட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் கூடுதலாக இருந்தால் ஷாஃப்ட் நேராக இல்லை, சுமை முழுக்க அந்த ஓரத்துக்குப் போகிறது. நீல மசி தடவி, கையால் சுற்றி, தொடும் தடத்தைப் பாருங்கள். கப்ளிங் அலைன்மென்ட்டையும் பேரிங்கையும் சரிசெய்தால் போதும், முகத்தைத் தொட வேண்டாம்.

அகலம் முழுக்க ஒரே சீராக, அதிலும் கிரைண்டிங் கோடுகளை ஒட்டியே வரிவரியாக இருந்தால் அது சொரசொரப்பின் வேலை. ஒவ்வொரு வரியும் ஒரு மேடு. நான் பார்த்தவரை இந்த வரிகள் ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டால் காப்பாற்ற வழி இருக்கிறது, பட்டை ஒட்டுமொத்தமாகப் பரவியபின் கஷ்டம்.

அப்புறம் ஆயில். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆயில் டின்னில் எஃப்இசட்ஜி சோதனையில் (கியரில் சுமையை நிலை நிலையாக ஏற்றிப் பார்ப்பது) 12-ஆம் நிலை தாண்டியது என்று போட்டிருப்பார்கள், அது ஸ்கஃபிங்குக்கான (முகம் ஒட்டிப் பிய்வது, அறிகுறி 3-இல் வருகிறது) சோதனை. மைக்ரோபிட்டிங்குக்குத் தனிச் சோதனை உண்டு, எஃப்விஏ 54 என்று பெயர். அதில் 10-ஆம் நிலை அல்லது அதற்கு மேல் வந்த ஆயிலைக் கேளுங்கள். ஒன்றில் நன்றாக வந்த ஆயில் மற்றதிலும் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆயில் சூட்டைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், பெட்டியின் மேல் படிந்த தூசியைச் சுத்தம் செய்வதுகூட உதவும். செயற்கை ஆயிலுக்கு மாறுவதானால் பிஏஓ வகை மினரலோடு ஒத்துப்போகும். பிஏஜி வகை ஒத்துப்போகாது, மினரல் மிச்சத்தோடு கலந்தால் குழம்பிவிடும், சீலும் உள்பெயின்ட்டும் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

எமரித் தாளால் தேய்த்துச் சாம்பலை எடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கைத்தேய்ப்பில் பல்லின் வடிவம் கெடும், உதிர்ந்த துகள் ஆயிலோடு போய்ப் பேரிங்கைத் தின்னும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தேதி போட்டு ஒரே பல்லைப் படம் எடுத்து வையுங்கள், அதே பல், அதே கோணம். இரண்டு மூன்று பரிசோதனையில் பட்டை அப்படியே நின்றுவிட்டால் ஓட்டலாம், மைக்ரோபிட்டிங் சில நேரம் தானாக நின்றுவிடும். அகலமானாலோ, பட்டையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும் குழி விழுந்தாலோ, சத்தம் மாறினாலோ இனிக் காத்திருக்க வேண்டாம்.

## அறிகுறி 3: அடியிலிருந்து நுனிக்கு இழுபட்ட கோடுகள்

இதைக் கண்டால் அவசரம். ஸ்கஃபிங். இரண்டு முகமும் ஒரு கணம் ஒட்டிப் பிய்ந்த அடையாளம் அது. பிட்ச் கோட்டுப் பக்கத்தில் முகம் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் அங்கே பற்கள் சறுக்குவதில்லை, உருள மட்டுமே செய்கின்றன. நுனியிலும் அடியிலும் சறுக்கல் அதிகம், கோடும் அங்கேதான். கோடு முகம் முழுக்க, பிட்ச் கோட்டையும் தாண்டி, தனித்தனியாக ஓடினால் அது ஸ்கஃபிங் இல்லை, வெளியிலிருந்து வந்த கடினத் துகள் கீறியது. ஃபில்டரையும் பிரீத்தரையும் பாருங்கள்.

ஸ்கஃபிங்தான் என்றால் இந்த வரிசையில் போங்கள். ஆயில் மட்டம் குறைந்திருக்கிறதா. ஆயிலில் அதிஅழுத்தச் சேர்மானம் உண்டா, அல்லது யாராவது ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினார்களா (இதை நானே பார்த்திருக்கிறேன்). குளிர்ந்த பெட்டியை எடுத்த எடுப்பில் முழுச் சுமையில் ஓட்டினார்களா. இவை எல்லாம் சரியாக இருந்து, புது ஜோடி முதல் சில மணி நேரத்திலேயே இழுபட்டது என்றால் முகச் சொரசொரப்பும், பல் நுனியில் கொடுக்க வேண்டிய தளர்வு (நுனியை லேசாகக் குறைப்பது) கொடுக்காததும் சேர்ந்த குறை. இரண்டையும் நீங்கள் கையால் சரிசெய்ய முடியாது.

நகம் மாட்டாத மெல்லிய கோடு, அதுவும் சில பற்களில் மட்டும் என்றால், ஆயிலை இறக்கி, பெட்டியைக் கழுவி, புது ஆயிலோடு பாதிச் சுமையில் மறுபடி பழக்கிப் பார்க்கலாம். நகம் மாட்டுகிறது என்றால் நிறுத்துங்கள். ஓட ஓட அந்தக் கிழிசலே எதிர்ப் பல்லைக் கிழிக்கும்.

## அறிகுறி 4: வேகத்தைக் குறைத்து ஓட்டினால் மட்டும் தொல்லை

மோட்டாருக்கு டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டி வேகத்தைக் குறைத்த பிறகு வருடக்கணக்காக நன்றாக ஓடிய பெட்டி தேய ஆரம்பிக்கும். சுமை கூடவே இல்லையே என்பார்கள். சுமை இங்கே முக்கியமே இல்லை. சுமை இரட்டிப்பானாலும் படலம் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே மெலியும், ஆனால் வேகம் பாதியானால் கிட்டத்தட்ட 40 சதவீதம் மெலியும். முழு வேகத்தில் மறைந்திருந்த மேடுகள் இப்போது வெளியே வந்துவிட்டன.

இந்த ஒரு இடத்தில் கெட்டியான ஆயில் சரியான மருந்து. மெதுவாக ஓடுவதால் கடைசல் சூடு குறைவு, ஒரு தரம் ஏற்றினால் படலம் மீளும். ஆனால் அதற்கு முன் ஆயில் மேல் கியருக்கும் மேல் பேரிங்குக்கும் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். வேகம் குறைந்தால் தெறிப்பு எட்டாது. ஷாஃப்டிலிருந்தே ஓடும் பம்ப் என்றால் அதன் பாய்ச்சலும் சேர்ந்தே குறையும். தெறிப்பு எட்டவில்லை என்றால் தனி மோட்டார் வைத்த பம்ப் வேண்டும், அதைப் பெட்டி செய்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஆயிலை ஏற்றியும் தேய்மானம் நிற்கவில்லையா, ஜோடியையே சூப்பர்ஃபினிஷ் செய்வதுதான் மிச்சம். செலவு அதிகம், ஆனால் மெதுவாக ஓடும் கனமான பெட்டியில் அதன் பலன் வேறெங்கும்விடத் தெளிவாகத் தெரியும்.

## அறிகுறி 5: காந்தப் பிளக்கில் இரும்புத்தூள்

புதுப் பெட்டியில் மை போன்ற கறுப்புப் பசை வந்தால் பயப்பட வேண்டாம், படிந்த மேடுகள்தான் அவை. அதனால்தான் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள், பெட்டிக் கையேட்டில் பெரும்பாலும் 300 முதல் 500 மணி நேரம் என்று இருக்கும். இரண்டாவது ஆயிலிலும் அதே அளவு பசை வந்தால் அறிகுறி 1-இன் முகப் பரிசோதனைக்குப் போங்கள். பசை அல்ல, விரலில் குத்தும் செதில் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், பல்லோ பேரிங்கோ உரிகிறது.

## அறிகுறி 6: சத்தம்

ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் ஏதோ ஒரு பல்லில் அடிபட்ட காயம் இருக்கிறது. காயத்தைச் சுற்றி எழும்பிய உதட்டை மட்டும் நயமான எண்ணெய்க் கல்லால் தட்டையாக்குங்கள், முகத்தின் மற்ற இடத்தைத் தொடாதீர்கள். நான் கை வேலைக்கு அனுமதிக்கும் ஒரே இடம் இது. செய்தபின் பெட்டியைக் கழுவுங்கள்.

புதிதாகக் கிரைண்டிங் செய்த ஜோடி, ஆர்ஏ நன்றாக இருக்கிறது, தடமும் சரி, ஆனாலும் பல் எண்ணிக்கையோடு பொருந்தாத ஒரு ஊளைச் சத்தம் வருகிறது என்றால், முகத்தில் கிரைண்டிங் எந்திரத்தின் அதிர்வு விட்டுப்போன அலை இருக்கலாம். ஆர்ஏ மீட்டரில் அது வராது, கட்-ஆஃப் அதை வடிகட்டிவிடும். கியர் அளக்கும் எந்திரம் உள்ளவரிடம்தான் போக வேண்டும். கியரைக் கழற்ற முடியாவிட்டால் இரண்டாகக் கலந்து ஊற்றும் சிலிகான் பசையால் பல் முகத்தின் அச்சை எடுத்து அனுப்பலாம், அதிலிருந்து சொரசொரப்பை நன்றாகவே அளப்பார்கள். அச்சு எடுக்கும் முன் முகத்தில் ஆயில் துளியும் இல்லாமல் துடையுங்கள், எந்தப் பல், எந்தப் பக்க முகம், நுனி எந்தப் பக்கம் என்று அச்சின் முதுகிலேயே எழுதிவிடுங்கள்.